பின்னால் சாயச் சொன்னால் குறைந்தா போவார்?

ராஜஸ்தானில் ஜெய்சல்மேர் போய் ஒட்டகச் சவாரி செய்துவந்து நாலு நாளாச்சு. பாளையங்கோட்டை வீட்டில் அம்மா இன்னும் இடுப்புக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். வருகிறவர்கள் எல்லாம், "இந்த வயசுல ஒட்டகம் தேவையா?" என்று அவளைத்தான் ஏசுகிறார்கள். எனக்குப் பொறுக்கவில்லை.

ஒட்டகம் எழும்பும்போது பின்னங்கால்தான் முதலில் நிமிரும், மேலே இருப்பவர் முன்னால் சரிவார். உட்காரும்போது முன்னங்காலை மடக்கும், அப்போதும் முன்னால்தான் தள்ளும். இரண்டு தடவையும் பின்னால் சாய்ந்து சேணத்தைப் பிடித்துக்கொள்ளணும். இவ்வளவுதான் விஷயம். கூட வந்த ஒட்டகக்காரர் இதைச் சொல்லவே இல்லை. ஒரு கையில் போன், மறுகையில் மூக்கணாங்கயிறு. வெடுக்கென்று இழுத்தார், அம்மா ஒட்டகத்தின் கழுத்தில் போய் விழுந்தாள். அதன் மூக்கில் கயிறு உராய்ந்த இடம் சிவந்து கிடந்தது. அதைப் பார்த்துவிட்டுத் தன் வலியைப் பற்றி அவள் வாயே திறக்கவில்லை.

ஒரு மணி நேரம் என்று பேசிவிட்டு, ஜெய்சல்மேர் பக்கத்துச் சாம் மணல்மேட்டின் ஓரமாகவே சுற்றி இருபது நிமிஷத்தில் இறக்கிவிட்டார்கள். நம் திருச்செந்தூர்ப் பக்கத்துக் குதிரைமொழித் தேரியில் செம்மணலில் நடந்தே இதைவிட அதிகம் பார்த்திருக்கிறோம். சரி, காசு போகட்டும். பாஷை தெரியாவிட்டால் என்ன, கையைக் காட்டியாவது சாயச் சொல்லியிருக்கலாமே!