கணக்குப் பாடத்தில் கணினிக்கு எவ்வளவு இடம்?

சிங்கப்பூர்ப் பள்ளிப் பிள்ளைகள் பயன்படுத்தும் எஸ்எல்எஸ் என்னும் கல்வி அமைச்சின் இணையக் கற்றல் தளத்தில், தொடக்கநிலை 5 கணிதத்துக்காக 2023இல் சேர்க்கப்பட்ட, பிள்ளையின் விடைக்கேற்பப் பயிற்சியை மாற்றித் தரும் தகவமைப்புக் கற்றல் வசதியைப் பற்றிப் பெற்றோரிடையே இரண்டு விதமான பேச்சு அடிபடுகிறது. இனித் துணைப்பாட வகுப்பே தேவைப்படாது என்கிறார்கள் சிலர். பிள்ளையைத் திரைக்கு முன்னால் உட்கார வைத்துவிட்டு ஆசிரியர் ஒதுங்கிக்கொள்ளப் போகிறார் என்கிறார்கள் வேறு சிலர். இரண்டும் அவசரத்தில் எடுத்த முடிவுகள் என்பது என் கருத்து. இப்படிப்பட்ட வசதி எந்த வகைத் தவற்றைப் பிடிக்கும், எந்த வகைத் தவற்றைக் கோட்டைவிடும் என்பதைக் கணக்குகளின் உள்ளே புகுந்து பார்க்காமல் அதைப் புகழ்வதிலும் பழிப்பதிலும் பொருளில்லை.

எஸ்எல்எஸ் 2018இல் எல்லாப் பள்ளிகளுக்கும் வந்தது. அப்போது பலருக்கு அது ஆசிரியர் எப்போதாவது பயிற்சி போடும் ஓர் இடம், அவ்வளவே. 2020 ஏப்ரலில் பள்ளிகள் மூடப்பட்டு முழுநேர வீட்டுக் கற்றல் தொடங்கியபோதுதான் அதன் பெயர் எல்லா வீடுகளிலும் புழங்கத் தொடங்கியது. அதற்குப் பிறகு வந்தவற்றுள் முக்கியமானது இந்தத் தகவமைப்பு வசதி. பிள்ளை அளிக்கும் விடைகளைக் கொண்டு, எந்தக் கருத்து அவனுக்குப் பிடிபட்டிருக்கிறது, எது பிடிபடவில்லை என்று அது கணித்து, அடுத்து எந்தப் பாடத்தைப் பார்க்கலாம், எந்தக் கேள்வியை முயலலாம் என்று பரிந்துரைக்கிறது. ஒரே வகுப்பில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் இருக்கும் இரண்டு பிள்ளைகளுக்கு வெவ்வேறு வழி திறக்கிறது.

இதன் நன்மை எங்கே இருக்கிறது என்பதற்குப் பின்னம் நல்ல சான்று. 1/2 உடன் 1/3ஐக் கூட்டச் சொன்னால் 2/5 என்று எழுதும் பிள்ளை கவனக்குறைவால் அப்படி எழுதுவதில்லை. மேலே இருப்பதை மேலே இருப்பதோடும், கீழே இருப்பதைக் கீழே இருப்பதோடும் கூட்ட வேண்டும் என்று உறுதியாக நம்பித்தான் எழுதுகிறது. அதேபோல 0.4ஐவிட 0.35 பெரியது என்று சொல்லும் பிள்ளை, புள்ளிக்குப் பின்னால் வருவதை முழு எண்ணாகப் படித்து 35ஐயும் 4ஐயும் ஒப்பிடுகிறது. இத்தகைய தவறுகளில் விடையே காரணத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். 2/5 என்ற விடையைக் கண்டதும் பொதுப் பகுதி என்ற கருத்துக்குத் திரும்ப வேண்டும் என்று முடிவு செய்ய அனுபவம் மிக்க ஆசிரியர்தான் வேண்டும் என்பதில்லை. ஒழுங்காக எழுதப்பட்ட நிரலும் அதைச் செய்யும், உடனே செய்யும், சலிக்காமலும் செய்யும். பயிற்சி ஏடு திருத்தப்பட்டு மூன்று நாள் கழித்துக் கைக்கு வரும்போது, அந்தக் கணக்கை எப்படி யோசித்தோம் என்பதே பிள்ளைக்கு நினைவில் இராது.

தொடக்கநிலை 3 முதல் ஒரு வகுப்பில் 40 பிள்ளைகள் வரை இருக்கலாம் என்பதையும் இதனோடு சேர்த்து எண்ண வேண்டும். நாற்பது பேருடைய பின்னக் கணக்கைத் தனித்தனியே அலசி, யாருக்கு எந்தப் படியில் சறுக்கியது என்று கண்டறிவது ஒரே ஆசிரியரால், ஒரு பாடவேளைக்குள் ஆகிற காரியமன்று. அரையாண்டுத் தேர்வுகள் 2023ஆம் ஆண்டோடு எல்லா வகுப்புகளிலும் நீக்கப்பட்டுவிட்டன. நல்ல முடிவுதான். ஆனால் அந்த இடைவெளியில், பிள்ளை எங்கே நிற்கிறது என்பதை இடையிடையே சிறிய அளவில் சோதித்துச் சொல்ல ஏதாவது ஒன்று வேண்டியிருந்தது. அந்தத் தேவையை மதிப்பெண்ணோ பதற்றமோ இல்லாமல் நிறைவுசெய்யும் அளவில் இந்த வசதியை நான் மனமார வரவேற்கிறேன்.

இனி மறுபக்கம். 2021ஆம் ஆண்டுத் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வில் வந்து, சமூக ஊடகங்களில் பெரிதாகப் பேசப்பட்ட நாணயக் கணக்கைப் பலரும் மறந்திருக்க மாட்டீர்கள். ஹெலனிடமும் ஐவனிடமும் ஒரே எண்ணிக்கையில் நாணயங்கள் உள்ளன. ஹெலனிடம் சில 50 காசுகளும் 64 இருபது காசுகளும் இருக்கின்றன. அவற்றின் மொத்த எடை 1.134 கிலோகிராம். ஐவனிடம் சில 50 காசுகளும் 104 இருபது காசுகளும் உள்ளன. யாரிடம் எவ்வளவு பணம் கூடுதல் என்பது முதற்பகுதி. ஒரு 50 காசு, ஒரு 20 காசைவிட 2.7 கிராம் கூடுதல் எடை கொண்டது என்றால் ஐவனின் நாணயங்கள் எவ்வளவு எடை என்பது இரண்டாம் பகுதி.

50 காசு நாணயங்கள் எத்தனை என்று தேடத் தொடங்கும் பிள்ளை அங்கேயே சிக்கிக்கொள்ளும், ஏனென்றால் அந்த எண்ணிக்கை கணக்கில் எங்கும் இல்லை, தேவையும் இல்லை. ஐவனிடம் 20 காசு நாற்பது கூடுதல் என்றால், மொத்த எண்ணிக்கை சமமாக இருப்பதால் அவனிடம் 50 காசு நாற்பது குறைவாகத்தான் இருக்க வேண்டும். இந்த ஒரு வரி பிடிபட்டால் மற்றதெல்லாம் வெறும் பெருக்கலும் கழித்தலும்தான்: நாற்பது முறை 30 காசு, ஆக ஹெலனிடம் 12 வெள்ளி (டாலர்) கூடுதல், நாற்பது முறை 2.7 கிராம், ஆக 108 கிராம் கழித்து ஐவனின் நாணயங்கள் 1.026 கிலோகிராம்.

இந்தக் கணக்குக்கு ஒரு பிள்ளை 1.242 என்று விடை தருகிறது, இன்னொன்று 1.26 என்று தருகிறது, மூன்றாவது பிள்ளை 0.054 என்று தருகிறது என்று வைத்துக்கொள்வோம். முதற்பிள்ளை கழிப்பதற்குப் பதில் கூட்டியிருக்கிறது; ஐவனிடம் 20 காசு அதிகம் என்பதால் எடையும் அதிகம் என்று எண்ணியிருக்கலாம், அல்லது எல்லாம் புரிந்தும் கடைசி அடியில் தடுமாறியிருக்கலாம். இரண்டாவது பிள்ளை கணக்கை முழுக்கச் சரியாகச் செய்து, 1026 கிராமைக் கிலோகிராமாக மாற்றும்போது ஒரு சுழியத்தை விட்டிருக்கிறது. மூன்றாவது பிள்ளை 108 கிராமை 1.08 கிலோகிராம் என்று எடுத்துக்கொண்டிருக்கிறது. கருத்தளவில் பின்னிரண்டு பிள்ளைகளும் கணக்கை வென்றவர்கள்; அவர்களுக்கு வேண்டியது அலகு மாற்றத்தில் ஐந்து நிமிடப் பயிற்சி. முதற்பிள்ளையின் நிலை என்னவென்று விடையை மட்டும் வைத்துச் சொல்லவே முடியாது. அது வரைந்த மாடலை, அதாவது கணக்கைக் காட்டும் பட்டைப் படத்தைப் பார்க்க வேண்டும், அல்லது "ஏன் கூட்டினாய்?" என்று கேட்க வேண்டும்.

மாடல் வரைதல் என்பது சிங்கப்பூர்க் கணிதத்தின் முதுகெலும்பு. 1980களில் கோ டெக் ஹோங் தலைமையிலான பாடத்திட்டக் குழு உருவாக்கிய முறை அது. தெரிந்ததையும் தெரியாததையும் நீள் பட்டைகளாக வரைந்து, இயற்கணிதக் குறியீடு கற்பதற்கு முன்பே உறவுகளைக் கண்ணால் காணச் செய்வது அதன் நோக்கம். பல நாட்டு மாணவர்களின் கணித, அறிவியல் திறனை ஒப்பிடும் அனைத்துலக டிம்ஸ் 2023 ஆய்வில் நம் தொடக்கநிலை 4 மாணவர்கள் கணிதத்தில் முதலிடம் பெற்றதைக் கொண்டாடும்போது, அந்தப் பிள்ளைகள் ஆண்டுக்கணக்கில் காகிதத்தில் பட்டை வரைந்து அழித்து மீண்டும் வரைந்தவர்கள் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். ஒரு கட்டத்துக்குள் எண்ணைத் தட்டச்சு செய்வதையோ, நான்கு விடைகளில் ஒன்றைத் தொடுவதையோ நம்பி இயங்கும் எந்தத் திட்டமும் இந்த வரைதலைப் பின்னுக்குத் தள்ளிவிடும். பிள்ளைகள் கெட்டிக்காரர்கள்; விடை மட்டுமே கேட்கப்படுகிறது என்று தெரிந்தால் விடையை மட்டுமே தருவார்கள். இறுதித் தேர்வின் இரண்டாம் தாளிலோ வழிமுறைக்கும் மதிப்பெண் இருக்கிறது.

ஆகவே பின்னம், தசமம், அலகு மாற்றம் போன்றவற்றில் அன்றாடப் பயிற்சியையும் திருத்தும் வேலையையும் கணினி ஏற்கட்டும். அதனால் மிச்சமாகும் நேரம் நாணயக் கணக்கு போன்றவற்றில் பிள்ளைகளின் வழிமுறையைப் பார்ப்பதற்கும் அதைப் பற்றி வகுப்பில் வாய்விட்டுப் பேசுவதற்கும் செலவாகட்டும் என்று சொல்கிறேன். மிச்சமான நேரத்தில் இன்னொரு இணையப் பயிற்சி போடப்பட்டால் வசதி வந்ததன் பயன் போயிற்று.

நம் சமூகத்துக்கு இதில் தனி அக்கறை இருக்க வேண்டும் என்றும் நினைக்கிறேன். இந்திய மாணவர்கள் படிப்பில், குறிப்பாகக் கணிதத்தில், பின்தங்கியிருந்தார்கள் என்ற கவலையிலிருந்துதான் 1991இல் சிண்டா எனப்படும் சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம் பிறந்தது. அதன் துணைப்பாட வகுப்புகள் இன்றும் நடக்கின்றன. சிங்கப்பூர்க் குடும்பங்கள் 2023இல் துணைப்பாடத்துக்குச் செலவிட்ட தொகை 180 கோடி வெள்ளி. 2018இல் அது 140 கோடி. இந்தப் போட்டியில் ஈடுகொடுக்க முடியாத வீட்டுப் பிள்ளைக்கு, கட்டணமின்றித் தன் நிலைக்கேற்ற பயிற்சி கிடைப்பது சிறிய விஷயமன்று. ஆனால் அந்தப் பிள்ளைக்குச் சொந்தமாக ஒரு கணினியும், அமைதியாக உட்கார ஒரு மூலையும் உண்டா என்று பார்க்க வேண்டும். உயர்நிலைப்பள்ளி மாணவர் ஒவ்வொருவருக்கும் 2021 இறுதிக்குள் சொந்தக் கற்றல் சாதனம் என்று ஏற்பாடு ஆனது. தொடக்கப்பள்ளிக்கு அப்படி இல்லை. அம்மாவின் கைப்பேசியில் தம்பியோடு முறைவைத்துப் பின்னம் படிக்கும் பிள்ளையின் தடுமாற்றத்தைக் கணிதத் தடுமாற்றம் என்று நிரல் கணக்கெடுத்துக்கொள்ளக் கூடும்.

திரைநேரத்தைப் பற்றி ஒரு சொல். 7 முதல் 12 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குப் பள்ளிவேலை தவிர்த்து நாளுக்கு 2 மணி நேரத்துக்குக் குறைவாகத் திரைநேரம் இருக்கட்டும் என்கிறது அரசாங்க அறிவுரை. பள்ளிவேலைக்கு விலக்கு உண்டு என்பதால் எல்லாவற்றையும் பள்ளிவேலைக் கணக்கில் எழுதிவிடுகிற வழக்கம் பெற்றோரிடமும் இருக்கிறது, பள்ளிகளிடமும் இருக்கிறது. பத்து வயதுப் பிள்ளையின் கண்ணுக்கு அந்த வேறுபாடு தெரியாது.

அடுத்த பெற்றோர்–ஆசிரியர் சந்திப்புக்குப் போகும் நண்பர்கள், பிள்ளை எத்தனை விழுக்காடு முடித்திருக்கிறது என்று கேட்பதோடு நின்றுவிடாதீர்கள். தளம் அடையாளம் காட்டிய தவறுகளில் எவற்றை ஆசிரியர் வகுப்பில் எடுத்துப் பேசினார், சொற்கணக்குகளுக்குப் பிள்ளை காகிதத்தில் மாடல் வரைகிறதா, வரைந்ததை யார் பார்க்கிறார்கள் என்று கேளுங்கள். அந்த ஏட்டைச் சந்திப்புக்குக் கொண்டுவரச் சொல்லி முன்கூட்டியே ஆசிரியருக்குக் குறிப்பு அனுப்பிவிட்டால், கிடைக்கும் பத்து நிமிடத்துக்குள் அதைப் புரட்டிப் பார்த்துவிடலாம்.