கறுப்புப் பட்டை டிவியின் கோளாறு அல்ல

"படத்துக்கு மேலும் கீழும் கறுப்புப் பட்டை வந்தால் டிவி செட்டிங் தப்பு, ஜூம் வைத்தால் முழுப் படமும் தெரியும்" என்று ஒரு யோசனை சுற்றி வருகிறது. இது தவறு. ஜூம் வைத்தால்தான் படம் குறைகிறது.

இன்றைய டிவி திரை 16:9, அதாவது உயரம் 1 என்றால் அகலம் 1.78. தியேட்டரின் அகலத் திரைக்காக எடுக்கும் சினிமாஸ்கோப் படத்துக்கோ அகலம் 2.39. அது முழுசாக அடங்க வேண்டுமென்றால் மேலும் கீழும் இடம் மிஞ்சத்தான் செய்யும். 1080 வரிகள் உள்ள திரையில் படம் பிடிப்பது ஏறத்தாழ 800 வரிகள்தான். ஜூம் போட்டுப் பட்டையை ஒழித்தால் இரு பக்கமும் சேர்த்துக் கால்வாசிப் படம் போய்விடும். இரண்டு பேர் ஆளுக்கொரு ஓரத்தில் நின்று பேசும் காட்சியில் நடுச்சுவர்தான் மிஞ்சும். ஒளிப்பதிவாளர் பார்த்துப் பார்த்து வைத்த ஃபிரேம் அது, வெட்ட மனசு வரக் கூடாது. மேலும் கீழும் இழுத்து நிரப்பினால் முகமெல்லாம் நீண்டுவிடும்.

சரி, எதை வைப்பது? பிக்சர் சைஸ் 16:9. அதிலும் சில டிவிகள் ஓரத்தைக் கொஞ்சம் வெட்டும். 'ஜஸ்ட் ஸ்கேன்' அல்லது 'ஸ்கிரீன் ஃபிட்' இருந்தால் அதைப் போடுங்கள். அப்புறம், பிக்சர் மோட் 'சினிமா'. இருட்டறையில் பட்டை சாம்பலாகத் தெரிந்தால் பேக்லைட்டை, அதாவது திரைக்குப் பின்னாலிருந்து வரும் வெளிச்சத்தை, குறையுங்கள்.