செருப்பு கேட்டு வந்த புருஷன்

கோபியில இருந்து குன்னத்தூர் வழியா திருப்பூர் போற கம்பெனி வேன்ல காலைல ஒன்றரை மணி நேரம், பொழுதோட திரும்பி வர ஒன்றரை மணி நேரம், பத்து வருஷமா இந்த நேரத்துல நான் படிக்கிறது பெரும்பாலும் ஒரே வகை புத்தகம் தான், பழைய காலத்துல நடக்குற ரத்தக்காட்டேரி காதல் கதைங்க. போன வாரம் கூட வேலை செய்யுற ஒரு தம்பி என் போன எட்டிப் பாத்துட்டு "ஏனுங்க்கா, இந்த வயசுல பேய்க்கதையா, அதுவும் லவ் ஸ்டோரியா"ன்னு கேட்டான். நல்ல பையன், தப்பா ஒண்ணும் கேக்கல. ஆனா எனக்கு அன்னைக்குப் பூரா மனசே சரியில்ல, ஏன்னா இதே கேள்விய பல வருஷத்துக்கு முந்தி இன்னொருத்தர் வேற தொனியில கேட்டாரு. எம்.ஃபில் சேந்தப்ப இதத்தான் தலைப்பா எடுத்துக்கறேன்னு எழுதிட்டுப் போனேன், காலேஜ் பேரு வேண்டாம், அங்க இருந்த கைடு தாள பிரிச்சுக்கூட பாக்காம "கல்யாணம் ஆகப் போற பொண்ணு எழுதற விஷயமாம்மா இது"ன்னு திருப்பிக் குடுத்துட்டாரு. வேற தலைப்புல எழுதி வாங்குன பட்டம் பீரோவுல கெடக்குது. எழுத நெனச்சது எழுதாமயே கெடக்குது, அதான் இன்னைக்கு ஞாயித்துக்கெழமை உக்காந்து டைப் பண்றேன். நீளமாத்தான் போகும், பொறுத்துக்குங்க.

ரத்தக்காட்டேரின்னா எல்லாரும் கோரப்பல்லு, கருப்பு அங்கின்னு ஆரம்பிப்பாங்க. நான் ஒரு சோடிச் செருப்புல இருந்து ஆரம்பிக்கறேன். 1725ல செர்பியாவுல கிசில்யேவோன்னு ஒரு கிராமம், அப்ப அந்தப் பக்கமெல்லாம் ஆஸ்திரியாக்காரங்க ஆட்சி. பீட்டர் பிளகோயெவிச்னு ஒரு குடியானவன் செத்துப் போறான். பொதைச்சு பத்து வாரம் ஆனப்பறம் எட்டே நாள்ல ஒம்பது பேரு அடுத்தடுத்து சாகறாங்க, ராத்திரி அவன் வந்து மேல படுத்து கழுத்த நெரிச்சான்னு சாகறவங்களே சொன்னதா ஊருக்குள்ள பேச்சு. குழியத் தோண்டியே ஆகணும்னு சனம் ஒத்தக் கால்ல நின்னதால அரசாங்க அதிகாரி கூட நின்னு தோண்ட வெச்சாரு, பாத்ததையெல்லாம் ரிப்போர்ட்டா எழுதுனாரு, அது அதே வருஷம் வியன்னா பத்திரிகைல அச்சாச்சு. தாடி, நகமெல்லாம் வளந்திருந்துச்சு, வாயில ரத்தம் இருந்துச்சுன்னு எழுதியிருக்காரு. நெஞ்சுல முளை அடிச்சு எரிச்சிருக்காங்க. பொணம் அழுகறப்ப உள்ள காத்து கட்டி ரத்தம் வாய் வழியா தள்ளும், தோலு சுருங்கறதால நகமும் முடியும் வளந்தாப்பல தெரியும், இதெல்லாம் இப்ப நமக்குத் தெரியும். 1755ல ஆஸ்திரியாவ ஆண்ட மரியா தெரசா ராணி தன்னோட வைத்தியர் சொன்னதக் கேட்டுட்டு, இனி யாரும் இப்படிப் பொணத்தத் தோண்டக் கூடாதுன்னு உத்தரவே போட்டாங்க.

அந்த ரிப்போர்ட்ல அவன் பொண்டாட்டியப் பத்தி ஒரு வரி வருது. செத்த புருஷன் ராத்திரி அவகிட்ட வந்து செருப்பக் குடுன்னு கேட்டானாம். அப்பறம் அவ அந்த ஊர விட்டு வேற ஊருக்குப் போயிட்டாளாம்.

ஊரே கழுத்த நெரிச்சான்னு சொல்லுது, இவ மட்டும் செருப்பு கேட்டான்னு சொல்றா. இதப் படிச்ச அன்னைக்கு எனக்கு அழுகை வந்திருச்சு. ஏன்னா எங்க அம்மிச்சி, அம்மாவப் பெத்தவங்க, அவங்க வீட்டு அட்டாலிப் பரண்லயும் ஒரு சோடி தோல் செருப்பு இருந்துச்சு.

அப்புச்சி, அம்மிச்சியோட வீட்டுக்காரரு, 1962ல செத்தாரு, அப்ப அவருக்கு 28. கெணறு ஆழப்படுத்தறப்ப பாறைக்கு வெடி வெச்சாங்க, ஒண்ணு வெடிக்காம நின்னு போச்சு, என்னன்னு பாக்க எறங்குனவரு மேல வரல. எறங்கறதுக்கு முந்தி மேட்டுல கழட்டி வெச்ச செருப்பு அது. அம்மிச்சிக்கு அப்ப 23, எங்கம்மா கைக்கொழந்தை. அன்னைக்குக் கட்டுன வெள்ளைச் சீலைய அம்மிச்சி 58 வருஷம் கட்டுனாங்க. வருஷா வருஷம் பொங்கலுக்கு வீடு வழிக்கறப்ப அட்டாலியில இருந்து அந்தச் செருப்ப எறக்கி, தூசி தட்டி, வெளக்கெண்ணெய் போட்டுத் துடைச்சு, வெயில்ல ஒரு நாழி காய வெச்சு, மறுக்கா மேல வெச்சிருவாங்க. தோலு வெறைக்கக் கூடாதில்லன்னு சொல்லுவாங்க. யாரு அதக் கால்ல தொட்டுட்டு நடக்கப் போறாங்கன்னு அந்த வீட்டுல ஒருத்தரும் கேட்டதில்ல.

முன்னாடி கூடத்து ஆசாரத்துல கோபி ஸ்டூடியோவுல எடுத்த அப்புச்சி போட்டோ ஒண்ணு தொங்கும். சுருட்ட முடி, மெல்லிசு மீசை, 28 வயசு. நான் பத்தாவது படிக்கறப்ப அந்தப் போட்டோவுக்குப் பூ வெக்கப் போன அம்மிச்சி நின்னு பாத்துட்டே இருந்தாங்க, நான் பக்கத்துல நிக்கறது தெரிஞ்சப்பறம் சொன்னாங்க, "நான் போய்ச் சேந்தா உங்க அப்புச்சிக்கு என்னைய அடையாளமே தெரியாது கண்ணு. ஆரோ கெழவி வந்திருக்கான்னு நெனச்சுக்குவாரு."

நான் இந்தக் கதைங்களப் படிக்கறதுக்கு காரணம் இந்த ஒரு வார்த்தை தான். ரத்தம் குடிக்கறதெல்லாம் அப்பறம். இந்தக் கதைங்கள்ல இருக்கற உண்மையான கஷ்டம், அவனுக்கு வயசு ஆகாது, அவளுக்கு ஆகும். அவளுக்கு நரை விழும், முட்டி வலிக்கும், அவன் அப்படியே நிப்பான். இத வெளிநாட்டுக்காரன் கற்பனைன்னு சொல்றவங்க ஒரு தடவ நம்மூர்ல வெள்ளைச் சீலை கட்டுன பாட்டிங்க வீட்டுச் செவுத்தப் பாருங்க. பாதி வீட்டுல அந்தப் போட்டோ தொங்கும்.

எல்லாக் கதையும் நல்ல கதைன்னு நான் சொல்ல வரல. 1819ல பாலிடோரி எழுதுன கதைல தான் காட்டேரி மொத மொத பெரிய மனுஷன் வீட்டு பிரபுவா வந்தான், அதுல வர்ற பொண்ணுங்க சாகறதுக்குன்னே வர்றாங்க. ஹீரோவோட தங்கச்சியக் கல்யாணமும் பண்ணி கொன்னும் போட்டுட்டுப் போயிருவான். அந்தப் பொண்ணு என்ன நெனச்சா, எதுக்கு அவனப் புடிச்சுது, ஒண்ணும் கிடையாது. பொண்ண எரையா மட்டும் வெச்சு எழுதற கதை இன்னைக்கு வரைக்கும் வருது, எனக்கு அது வேண்டாம்.

1897ல ஸ்டோக்கர் எழுதுன டிராகுலாவ எல்லாரும் டிராகுலாவுக்காகப் படிக்கறாங்க, நான் மினாவுக்காகப் படிக்கறேன். ஷார்ட்ஹேண்ட் தெரிஞ்ச, டைப்ரைட்டர் அடிக்கத் தெரிஞ்ச பொண்ணு அவ. ஆளாளுக்கு எழுதுன டைரி, கடுதாசி, தந்தி, பேப்பர் செய்தி, ஒரு டாக்டர் போனோகிராப்ல பேசி வெச்சது, எல்லாத்தையும் தேதி வாரியா அடுக்கி அவ டைப் அடிச்சதால தான் எதிரி யாரு எங்க இருக்கான்னே அந்த ஆம்பளைங்களுக்குப் புரியுது. ரயில் டைம்டேபிள் அவளுக்கு மனப்பாடம். அப்படியும் ஒரு கட்டத்துல இது பொம்பளைக்கு ஆகாது, நீ போய்த் தூங்குன்னு ஒதுக்கி வெக்கறாங்க, அந்த நாள்கள்ல தான் டிராகுலா அவ ரூமுக்கு வர்றான். எங்க கம்பெனில எந்த ஆர்டர் எந்த தேதிக்கு, எந்த சாம்பிள் பையர்கிட்ட ஓகே ஆச்சு, எந்த சாயம் ஒதுங்குச்சுன்னு தலைக்குள்ள வெச்சிருக்கறதெல்லாம் பொண்ணுங்க, மீட்டிங்ல கதவச் சாத்துனப்பறம் உள்ள இருக்கறது யாருன்னு நான் சொல்லவே வேண்டாம். மினாவ எனக்கு அவ்வளவு நல்லாத் தெரியும். சினிமாவுல அவ டிராகுலாவ லவ் பண்ற மாதிரி மாத்திட்டாங்க, புத்தகத்துல அப்படிக் கெடையாது. கழுத்துல ரத்தம் போனவ அவதான், அவளே இவங்கள உக்கார வெச்சு அவன் மேலயும் எரக்கம் வைங்க, இவ்வளவு துன்பமும் பண்ணுன அந்த ஆத்மா தான் எல்லாரவிடவும் பாவம்னு சொல்லுவா. அந்த எரக்கம் காதலவிட பெருசாப் படுது எனக்கு.

அப்பறம் என் மனசுக்கு ரொம்ப நெருக்கமானது, செல்சீ குவின் யார்ப்ரோ 1978ல ஆரம்பிச்ச வரிசை. மொதக் கதை 1743ல பாரிஸ்ல நடக்குது. செயின்ட் ஜெர்மைன் பிரபுன்னு நெசமாவே 18ஆம் நூற்றாண்டுல ஒருத்தர் இருந்தாரு, எங்கிருந்து வந்தாரு, வயசென்னன்னு யாருக்கும் புடிபடாத ஆளு, அவர எடுத்து ரத்தக்காட்டேரி ஆக்கிட்டாங்க. ஆயிரக்கணக்கான வருஷம் வாழ்ந்து பாத்து மனுஷன் பண்ற கொடுமையெல்லாம் சலிச்சுப் போன ஆளு, யாரையும் மெரட்டறதில்ல, மாட்லேன்ங்கற பொண்ணுகிட்ட தான் இன்னது தான்னு ஒளிக்கறதில்ல, அவ சம்மதம் அவளே வாயால சொல்றது. அந்தக் காலத்துல ஒரு பொண்ணுகிட்ட அப்பனும் கேக்க மாட்டான் கட்டிக்கறவனும் கேக்க மாட்டான், செத்தவன் ஒருத்தன் தான் உனக்கு விருப்பமான்னு கேக்கறான். அதுக்குத்தான் இந்தக் கதைங்க பழைய காலத்துல நடக்கணும்ங்கறேன். இன்னொரு விஷயம், தண்ணியத் தாண்டறதும் பகல்ல நடமாடறதும் அவருக்கு ஆகாது, அதுக்குன்னு பொறந்த மண்ண எடுத்து செருப்பு அடிப்பாகத்துல வெச்சு தைச்சுக்குவாரு. இங்கயும் செருப்பு. வேன்ல அத வாசிச்சப்ப நான் போன மூடி வெச்சுட்டு குன்னத்தூர் வர்ற வரைக்கும் வெளியவே பாத்துட்டு இருந்தேன்.

புடிக்காததையும் சொல்லிடறேன். ஆன் ரைஸ் 1976ல எழுதுன 'இன்டர்வியூ வித் த வேம்பயர்' பெரிய எழுத்து, சந்தேகமே இல்ல. ஆனா அதுல வர்ற லூயி 1791ல லூசியானாவுல அடிமைங்கள வெச்சுத் தோட்டம் பண்ற முதலாளி, அவன் சோகம் பக்கம் பக்கமா இருக்குது, அந்த அடிமைங்க சோகம் எங்க? 2022ல வந்த டிவி சீரியல்ல அவன 1910ல வாழற கருப்பின ஆளா மாத்துனாங்க, அது சரியான காரியம்னு நெனைக்கறேன். பழங்காலக் காதல்னா பட்டும் மெழுகுவத்தியும் மட்டும் காட்டுனா போதாது, அந்தக் கோட்டைக்கு விறகு வெட்டுனது யாரு, பட்டு நெய்ஞ்சது யாருன்னும் வரணும். மில்லுல, பண்ணையத்துல வேலை பாத்து வளந்த சனம் நாம, ரத்தத்த உறிஞ்சறான்னு நாம சொல்றது யாரன்னு நமக்குத் தெரியும். அதே மாதிரி, ட்வைலைட் கதைல 1901ல பொறந்த காட்டேரி பள்ளிக்கூடத்துல வந்து உக்காந்துட்டு புள்ள தூங்கறத சன்னல் வழியா வந்து பாக்கறதையும் என்னால காதல்னு ஒத்துக்க முடியாது, எம்பட பொண்ணுக்கும் அப்படித்தான் சொல்லிக் குடுத்திருக்கேன்.

நம்ம பக்கம் வருவோம். ரத்தம்னா நமக்கு அருவருப்பு கிடையாதுங்க. ஞாயித்துக்கெழமை கறிக்கடைக்கு தூக்குப்போசி எடுத்துட்டுப் போய் ஆட்டு ரத்தம் வாங்கிட்டு வந்து, சின்ன வெங்காயம் வரமொளகாய் தேங்காப்பூ போட்டுப் பொரிச்சுத் திங்கற ஊரு இது, காலைல எங்க வீட்டுலயும் அதான். கருப்பராயனுக்குக் கிடா வெட்டறோம், முனியப்பனுக்கு சேவல் அறுக்கறோம். ஆனா நம்ம கதைங்கள்ல கவனிச்சுப் பாருங்க, ரத்தம் குடிக்க வர்ற பேய் பெரும்பாலும் பொம்பள. பழையனூர் நீலி புருஷன் கொன்னதால பேயா வந்தவ. வேம்பயருக்கு தமிழ்ல வெச்ச பேரே காட்டேரி, பல ஊர்ல காட்டேரி அம்மன்னு கும்பிடற பொம்பளைத் தெய்வம், தோட்டக் கூலியாப் போன சனம் தென்னமெரிக்காவுல கயானா வரைக்கும் கொண்டுட்டுப் போன தெய்வம், அவ பேர எடுத்து அங்கி போட்ட வெளிநாட்டு ஆம்பளைக்கு வெச்சிருக்கோம். அநியாயமா செத்த ஆம்பள சாமியாகறான், அநியாயமா செத்த பொம்பளய புளியமரத்துல ஆணி அடிச்சு நிறுத்தறாங்க. எல்லா ஊர்லயும் அப்படித்தான்னு சொல்ல மாட்டேன், தீப்பாஞ்சம்மன் மாதிரி சாமி ஆனவங்களும் உண்டு. ஆனா செத்தும் திரும்பி வந்த ஒருத்தன், அவன் வந்தா கதவத் தொறக்கறதா வேண்டாமான்னு உக்காந்து யோசிக்கற ஒருத்தி, அப்படி ஒரு கதை தமிழ்ல நான் படிச்சதில்ல. எனக்கு அது வேணும்.

அது எங்க நடக்கணும்னுகூட யோசிச்சு வெச்சிருக்கேன். சென்னிமலைக்குப் பக்கத்துல நொய்யல் கரைல கொடுமணல், பதிற்றுப்பத்துல கொடுமணம்னு வர்ற ஊரு. ரெண்டாயிரம் வருஷத்துக்கு முந்தி அங்க கல்லு மணி அறுத்துத் தேச்சு ஓட்டை போடற பட்டறைங்க இருந்துச்சு, இரும்பு உருக்கியிருக்காங்க, காங்கேயம் பக்கத்துப் படியூர்ல பச்சைக்கல் எடுத்தாங்க, மேக்குக் கடற்கரை முசிறியில எறங்குன சரக்கு பாலக்காட்டுக் கணவாய் வழியா கரூருக்குப் போன பாதை இதுதான், வெள்ளலூர்ல ரோமக்காசு குடம் குடமா கெடைச்சிருக்கு. அந்த ரோமக் கப்பலுங்க பருவக்காத்து புடிச்சு வரும், காத்து திரும்பறப்ப கெளம்பிப் போயிரும். வருஷா வருஷம் அதே காத்தோட ஒருத்தன் வர்றான்னு வைங்க. மணி அறுக்கற பொண்ணு ஒருத்திகிட்ட வந்து நிக்கறான். அவன் அப்படியே இருக்கான், அவளுக்கு ஒவ்வொரு தடவையும் ஒரு வயசு கூடியிருக்கு, கல்லுத்தூளு பட்டுப் பட்டு கண்ணு மங்குது, ஒரு வருஷம் அவன் மொகம் தெரியாம கொரல வெச்சுக் கண்டுபுடிக்கறா. இத நான் எழுதணுமா, இல்ல நல்லா எழுதத் தெரிஞ்சவங்க யாராச்சும் எழுதுவாங்களான்னு தெரியல, எழுதுனா மொத ஆளா நான் படிப்பேன்.

அந்தக் கொடுமணலுக்கு ஒரு தடவ எங்கம்மாவையும் கூட்டிட்டுப் போனேன். கல்லுப் பலகை நிறுத்துன பெருங்கற்காலக் குழிங்க அங்க இருக்கு, செத்தவங்களோட மணியும் பானையும் கத்தியும் வெச்சுப் பொதைச்சிருக்காங்க. அம்மா ரொம்ப நேரம் அத எட்டிப் பாத்துட்டு நின்னாங்க. அதுக்கு ரெண்டு வருஷம் முந்தி, 2020ல, அம்மிச்சிய எடுத்தப்ப லாக்டவுன்னால ஒரம்பரை யாரும் வர முடியல, நாங்க பத்துப் பேரு தான். குழியில எறக்குனப்பறம் அம்மா திடீர்னு வீட்டுக்கு ஓடி அட்டாலியில இருந்து அந்தச் செருப்ப எடுத்துட்டு வந்தாங்க. மாமா எதுக்கு அம்மிணி இதுன்னு கேட்டாரு. அம்மா எறங்கி அத அம்மிச்சி கைக்குப் பக்கத்துல வெச்சுட்டு, சீலைத் தலப்புல மொகத்தத் தொடைச்சுட்டு சொன்னாங்க.

"மொகம் தெரியாட்டியும் செருப்பு தெரியுமல்லண்ணா."