ரெண்டு முழ ஒயரில் ஒன்பது கண்டம்

எங்கள் வீட்டு டேப்லெட்டைப் பார்த்துவிட்டு சர்வீஸ் சென்டர் பையன் சொன்னது ஒரே வரிதான். "டச் பேனல் மாத்தணும் சார். ரீசெட் பண்ணித்தான் தருவோம், டேட்டாவுக்கு நாங்க பொறுப்பில்ல. வீட்டு சிஸ்டத்துல ஒரு பேக்கப் எடுத்துட்டு வந்துடுங்க." வருகிற வழியில் ஒரு கட்டு கொத்தமல்லி வாங்கி வாருங்கள் என்பது போலச் சொன்னான். இன்றோடு மூன்று நாள். கொத்தமல்லியாக இருந்தால் விதைத்தே வளர்த்திருப்பேன்.

டேப் மேசையின் இந்த முனையில். கணினி அந்த முனையில். நடுவில் ரெண்டு முழம். இரண்டும் என் காசில் வாங்கியவை. உள்ளே இருப்பதும் என் வீட்டுப் படங்கள். இங்கிருந்து அங்கே போக வேண்டும், அவ்வளவுதான் நான் கேட்பது. இதற்குள் எத்தனை கண்டம் என்று கேளுங்கள்.

2021ல் மகளுடைய ஆன்லைன் வகுப்புக்காக வாங்கிய ஆண்ட்ராய்ட் டேப் இது. பள்ளி திறந்ததும் அம்மா கைக்குப் போய்விட்டது. எழுத்து பெரிதாகத் தெரிகிறது, மடியில் வைத்துக்கொள்ள வசதி, சிம் போட இடமும் இருக்கிறது. அன்றிலிருந்து வீட்டு விசேஷம், கோயில், பேத்தி ஆடியது, பக்கத்து வீட்டு நாய் ஆடியது எல்லாம் அதில்தான். 64 ஜிபியில் 38 ஜிபி எங்கள் குடும்பத்துடையது. போன மாதம் அதன் மேல் ரசம் கொட்டியது. துடைத்தார்கள், காய வைத்தார்கள், அரிசி டப்பாவில்கூடப் புதைத்தார்கள். கடைசியில் திரையின் கீழ் விளிம்பில் மூன்று விரல் அகலத்துக்குத் தொடு உணர்வு போய்விட்டது. மற்ற இடமெல்லாம் நன்றாகத்தான் வேலை செய்கிறது. ஆனால் அமுக்க வேண்டிய முக்கியமான பொத்தானை எல்லாம் எவரோ அந்த மூன்று விரல் அகலத்துக்குள்தான் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள்.

முதலில் கேபிள். டிராயரைத் திறந்தால் ஏழு கேபிள் பாம்புக் குட்டிகள் மாதிரி பின்னிக் கிடக்கின்றன. டைப் சி மட்டும் நான்கு. ஒன்றைச் செருகினேன். டேப்பில் சார்ஜ் ஏறுகிறது, கணினியில் ஒரு சத்தமும் இல்லை. கணினியில்தான் கோளாறு என்று நினைத்து டிரைவர் மென்பொருளை அழித்து, மறுபடி ஏற்றி, மூன்று முறை ரீஸ்டார்ட் செய்து ஒன்றரை மணி நேரம் போனது. கோளாறு கேபிளில். சாதாரண யூஎஸ்பி கேபிளுக்குள் நான்கு கம்பி இருக்கும். இரண்டு மின்சாரத்துக்கு, இரண்டு தகவலுக்கு. சார்ஜிங்குக்கு மட்டும் என்று செய்கிற கேபிளில் அந்தத் தகவல் கம்பி இரண்டையும் போடவே மாட்டார்கள். மிச்சம் பிடிக்கிறார்களாம். பிடிக்கட்டும், வெளியே ஒரு புள்ளியாவது வைக்கக் கூடாதா? டிரிம்மரோடு வந்தது, பவர் பேங்க்கோடு வந்தது, விளக்கோடு வந்தது என்று நான் சேர்த்து வைத்த நான்கும் ஊமைகள். கடைக்குப் போய் டேட்டா கேபிள் என்று அழுத்திக் கேட்டு 180 ரூபாய் கொடுத்து வாங்கினேன். கேட்காவிட்டால் ஐந்தாவது ஊமையைத்தான் கொடுத்திருப்பார்.

சரி, டேட்டா கேபிள் செருகியாயிற்று. கணினியில் டேப்பின் பெயர் வந்தது. திறந்தால் உள்ளே காலி. ஒரு நொடி நெஞ்சு அடைத்தது. அப்புறம்தான் தெரிந்தது, கேபிளைச் செருகினாலும் டேப் தானாக எதையும் காட்டாது. சார்ஜ் மட்டும் என்ற நிலையில்தான் நிற்கும். பஸ் ஸ்டாண்டில் சார்ஜ் போடும்போது எவனோ ஒருவன் நம் படங்களை உறிஞ்சிவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான். நாம் மேலிருந்து அறிவிப்புப் பட்டியை இழுத்து, அதில் யூஎஸ்பி என்று இருப்பதைத் தொட்டு, ஃபைல் பரிமாற்றம் என்று மாற்ற வேண்டும். உடனே ஒரு பெட்டி வருகிறது: இந்தக் கணினிக்கு அனுமதி தரலாமா? தரலாம் என்ற பொத்தான் எங்கே? கீழ் விளிம்பில். செத்துப்போன அந்த மூன்று விரலில்.

டேப்பைத் தலைகீழாகத் திருப்பினேன். திரை சுழன்றது, பொத்தான் உயிருள்ள பக்கம் வந்தது, அமுக்கிவிட்டேன். ஆனால் இப்போது மேலிருந்து பட்டியை இழுக்க முடியாது, ஏனென்றால் இப்போது மேலே செத்த பக்கம். அதற்கு மறுபடி நேராகத் திருப்ப வேண்டும். இழுக்க நேர், அமுக்கத் தலைகீழ். கேபிளும் கூடவே சுற்றுகிறது. திருப்புகிற வேகத்தில் செருகுவாய் லேசாக ஆடி இணைப்பு விட்டுப் போகும், மறுபடி முதலிலிருந்து. காவடி தூக்கியவன்கூட இவ்வளவு சுற்றியிருக்க மாட்டான். மவுஸ் மாட்டிக்கொள்ளலாமே என்று புத்திசாலிகள் கேட்பீர்கள். நானும் அந்த அளவு புத்திசாலிதான். சின்ன அடாப்டர் போட்டு மவுஸை மாட்டினேன், அம்பு வந்தது, அழகாக நகர்ந்தது. ஆனால் டேப்பில் இருப்பது ஒரே ஓட்டை. மவுஸ் அதில் உட்கார்ந்துவிட்டால் கணினிக்கான கேபிளை எங்கே செருகுவது?

இந்த இடத்தில் கொஞ்சம் பழங்கதை சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் போனைக் கணினியில் செருகினால் பென் டிரைவ் மாதிரி வந்து நிற்கும். வேண்டியதை இழுத்துப் போட்டுக்கொண்டு போகலாம். 2011ல் ஆண்ட்ராய்ட் 3.0 வந்தது, டேப்லெட்டுகளுக்கென்றே செய்த பதிப்பு. அப்போதுதான் பென் டிரைவ் முறை ஒதுங்கி எம்டிபி என்ற முறை அந்த இடத்துக்கு வந்தது. மேலே ஃபைல் பரிமாற்றம் என்று பார்த்தோமே, அதுதான். கேமராக்களுக்கு இருந்த முறையின் மேல், பாட்டு கேட்கும் கருவிகளை மனதில் வைத்து மைக்ரோசாஃப்ட் கட்டியது அது. 2008ல் யூஎஸ்பி தரங்களை வகுக்கிற அமைப்பே அதை ஏற்றுக்கொண்டிருந்தது. மாற்றியதற்குக் காரணமும் உண்டு. பழைய முறையில் கணினி சேமிப்பிடம் முழுவதையும் தன் கைக்குள் எடுத்துக்கொள்ளும், அந்த நேரத்தில் போனே அதைத் தொட முடியாது. பாதியில் பிடுங்கினால் மொத்தமும் கெட்டுப்போகலாம். எம்டிபியில் சாவி டேப்பிடமே இருக்கும்.

ஆனால் வேலை நடக்கிற விதம் இருக்கிறதே, அது ரேஷன் கடை. நீங்கள் உள்ளே போய் மூட்டையைத் தொட முடியாது. கவுண்டரில் நின்று சீட்டைக் கொடுக்க வேண்டும். அவர் உள்ளே போவார், ஒன்றை எடுத்து வருவார், அது முடிந்த பிறகுதான் அடுத்த சீட்டு. பத்துப் பாட்டு ஏற்ற இது போதும். எங்களிடம் ஒன்பதாயிரத்துச் சொச்சம் படங்கள்.

கேமரா ஃபோல்டரை இழுத்துக் கணினியில் போட்டேன். நேரத்தைக் கணக்கிடுகிறது என்று ஒரு பெட்டி வந்தது. இருபது நிமிடம் அது கணக்கிட்டுக்கொண்டே இருந்தது. நானும் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு மூன்று மணி நேரம் என்றது, உடனே நாற்பது நிமிடம் என்றது, அப்புறம் ஒரு நாள் என்றது. ஜோசியக்காரர்கூடக் கொஞ்சம் ஒரே பேச்சில் நிற்பார். 37 சதவீதத்தில் காலிங் பெல் அடித்தது. சிலிண்டர். எழுந்தபோது முழங்கை கேபிளில் பட்டது. போச்சு. எதுவரை வந்தது என்பதற்கு ஒரு குறிப்பும் இல்லை. விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன் என்ற பேச்சே கிடையாது. கடைசியாக வந்துகொண்டிருந்த வீடியோ பாதியில் அறுந்து, பெயர் மட்டும் முழுசாகக் கிடந்தது. திறந்தால் மட்டும்தான் அது பாதி என்று தெரியும். இப்படி இன்னும் எத்தனை பாதிகள் இருக்கின்றன என்று யாரிடம் கேட்பது?

வந்து சேர்ந்தவற்றின் தேதியைப் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் அன்றைய தேதி. மகளின் பிறந்தநாள், மச்சினன் கல்யாணம், கொரோனா ஊசி போட்டுக்கொண்ட அன்று எடுத்தது, எல்லாம் ஒரே வியாழக்கிழமை பிற்பகலில் எங்கள் வீட்டில் நடந்து முடிந்திருக்கின்றன. கேமராவில் எடுத்த படங்களுக்குள் எடுத்த தேதி தனியாக எழுதியிருக்கும், அதை வைத்துப் பிரித்துவிடலாம். வாட்ஸ்அப்பில் வந்த படங்களில் அந்தக் குறிப்பு இருக்காது. ஃபைல் பெயரில் 20220114 என்று இருக்கிற எண்ணைப் பார்த்து, ஓ இது பொங்கல் என்று நாமே கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும்.

இதை வெளியே சொன்னால் எல்லோருக்கும் ஒரே பதில். "ஏன் சார் கேபிள் எல்லாம்? கிளவுடுல போட்டுடுங்க." ஐயா, கூகுளில் இலவசமாகக் கிடைப்பது 15 ஜிபி, அதுவும் மெயிலோடு சேர்த்து. என்னிடம் இருப்பது 38. மிச்சத்துக்கு மாதா மாதம் வாடகை. வாடகையும் கொடுக்கிறேன் என்று வைத்துக்கொள்வோம். எங்கள் வீட்டு இணைப்பில் மேலே ஏறுகிற வேகம் நொடிக்கு 10 மெகாபிட். விடாமல் ஏறினாலே எட்டரை மணி நேரம். ஏறிய பிறகு அங்கிருந்து மறுபடி கணினிக்கு இறக்க வேண்டும். மேசையின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போக எந்த ஊரிலோ இருக்கிற சர்வரைச் சுற்றிக்கொண்டு வர வேண்டுமா? தலையைச் சுற்றி மூக்கைத் தொடச் சொல்வது என்பதை முன்பெல்லாம் கேலியாகத்தான் சொல்வார்கள். வைஃபையில் அனுப்புகிற ஆப் ஒன்றையும் போட்டுப் பார்த்தேன். ஒரு படம் அனுப்புவதற்குள் மூன்று ரம்மி விளம்பரம். எடுத்து எறிந்துவிட்டேன்.

கடைசியில் அக்கா மகன் வந்தான். பொறியியல் இரண்டாம் ஆண்டு. "மாமா, செட்டிங்ஸ்ல பில்ட் நம்பர்னு இருக்கும், அதை ஏழு தடவ தட்டுங்க." எதற்கடா என்றேன். "தட்டுங்க மாமா." தட்டினேன். நீங்கள் இப்போது ஒரு டெவலப்பர் என்று டேப் எனக்குப் பட்டம் கொடுத்தது. நாற்பத்தேழு வயதில், லுங்கியோடு. அதில், கேபிள் வழியாகக் கணினி டேப்புக்குக் கட்டளை கொடுக்க விடுகிற யூஎஸ்பி டீபக்கிங் என்பதைத் திறந்துவிட்டு, கணினியில் ஏடிபி என்று ஒரு சின்னக் கருவியை இறக்கினான். மறுபடி ஒரு அனுமதிப் பெட்டி, மறுபடி ஒரு தலைகீழ். கறுப்புத் திரையில் ஏடிபி புல் (ஆங்கிலத்தில் இழு) என்று தொடங்கி ஒரே ஒரு வரி அடித்தான். 23 நிமிடம். 38 ஜிபியும் வந்துவிட்டது. நடுவில் ஏதோ ஒரு எழுத்து சேர்த்தான், அதனால் தேதிகளும் அப்படியே வந்தன. முடிந்ததும் டீபக்கிங்கை மறக்காமல் மூடச் சொன்னான், திறந்து கிடந்தால் ஆபத்தாம்.

சந்தோஷப்படுவதா என்று தெரியவில்லை, எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதே கேபிள், அதே டேப், அதே கணினி. அப்படியானால் 23 நிமிடத்தில் முடிகிற வழி முதல் நாளிலிருந்தே உள்ளே இருந்திருக்கிறது! அதை ஏழு தட்டுக்கு அடியில் புதைத்து, மேலே ஆங்கிலத்தில் டெவலப்பர் என்று பலகை மாட்டி, கண்ணில் படுகிற இடத்தில் ரேஷன் கடையை வைத்திருக்கிறார்கள். அக்கா மகன் இல்லாத வீட்டுக்காரன் என்ன செய்வான்? படங்கள் போனால் போகட்டும் என்று ரீசெட்டுக்குக் கொடுத்துவிட்டு வருவான். அப்படிக் கொடுத்தவர்களை எனக்கே தெரியும்.

இதோடு முடிந்தது என்று நினைத்தேன். அம்மா கேட்டார்கள்: "என் சமையல் குறிப்பு வந்துச்சாடா?"

வரவில்லை. அவர்கள் சமையல் குறிப்புகளை ஒரு நோட்ஸ் ஆப்பில் பேசிப் பேசிப் பதிந்து வைத்திருக்கிறார்கள், மொத்தம் 52. அந்த மாதிரி ஆப் தன் சரக்கைத் தனக்கென்று இருக்கிற அறைக்குள் வைத்துக்கொள்ளும். கேபிளுக்கு அந்த அறை தெரியாது, ஏடிபி புல்லுக்கும் கதவு திறக்காது. முன்பு ஏடிபியில் பேக்கப் என்றே ஒரு கட்டளை இருந்தது, ஆப்களின் தகவலையும் அள்ளிக்கொண்டு வரும். ஆண்ட்ராய்ட் 12லிருந்து அதற்கேற்பச் செய்த ஆப்களின் தகவல் அதில் வராது என்று ஆக்கிவிட்டார்கள். பாதுகாப்பாம். என் அம்மாவின் மோர்க்குழம்பை என்னிடமிருந்தே பாதுகாக்கிறார்கள். அந்த ஆப்பைச் செய்த புண்ணியவானாவது மொத்தமாக வெளியே எடுக்க ஒரு பொத்தான் வைத்திருக்கலாம். வைக்கவில்லை. ஒவ்வொரு குறிப்பாகத் திறந்து, பகிர் என்பதைத் தொட்டு, எனக்கே மெயில் அனுப்பிக்கொள்ள வேண்டும். பகிர் எங்கே இருக்கிறது என்று கேட்காதீர்கள்.

"எதுக்குடா இந்தப் பாடு? நான் உயிரோடதானே இருக்கேன், கேட்டா சொல்ல மாட்டேனா?" என்கிறார்கள் அம்மா. பதில் சொல்லாமல் டேப்பைத் திருப்பிக்கொண்டிருக்கிறேன்.

இப்போது 31வது குறிப்பு, வத்தக்குழம்பு. பேசிப் பதிந்ததில் ளகரம் லகரமாகிவிட்டதால், எலுமிச்சை அளவு புலியை வெந்நீரில் ஊற வைக்கவும் என்று இருக்கிறது. திருத்தவில்லை, அப்படியே அனுப்பிவிட்டேன். இன்னும் 21 தலைகீழ் பாக்கி.