அட்டை இருக்கான்னு கேட்டது குத்தமாய்யா?

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி அந்த வாட்ஸப் குரூப்பில் நடந்ததைப் பாதிப் பேர் ஸ்கிரீன்ஷாட்டில் பார்த்துவிட்டீர்கள். நான் கேட்டது ஒரே கேள்வி. "அண்ணாச்சி வீட்டுல முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கா?" வந்த பதில்: "ஆயிரம் ரூவா துட்டு குடுக்க மனசில்லாதவன் சட்டம் பேசுதான்." இன்னொரு புண்ணியவான், "உங்க அப்பாவுக்குன்னா இப்படிக் கேப்பியா?" என்றார். அப்புறம் குரூப்பிலிருந்து தூக்கிவிட்டார்கள். சந்தோஷம்.

அண்ணாச்சியின் பைபாஸ் ஆபரேஷனுக்காகக் கோயில் கொடைக்கு வரி போடுவது மாதிரி ஆளுக்கு ஆயிரம் பிரிக்கிறீர்கள். பிரியுங்கள், நல்ல காரியம்தான். ஆனால் ஜிபே நம்பர் போடுவதற்கு முன்னால் அட்டை இருக்கா என்று கேட்க வேண்டாமா? குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரை சிகிச்சை. பைபாஸும் அதில் உண்டு. அரசு ஆஸ்பத்திரியிலும் பார்க்கலாம், திட்டத்தில் இருக்கிற தனியாரிலும் பார்க்கலாம். அட்டை இல்லையா, வருஷ வருமானம் 1,20,000-க்குள் என்றால் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதாரோடு நெல்லை கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீசுக்குப் போக வேண்டியதுதான். 72,000 ஆக இருந்த வரம்பை 2022-ல் கூட்டினார்கள். இதைச் சொல்வது சட்டம் பேசுவதாம்.

அப்பாவுக்குன்னா கேட்பியாவா? கேட்கவில்லை. அதுதான் விஷயமே.

2014. அப்பாவுக்கு நெஞ்சுவலி. ராத்திரியோடு ராத்திரியாக ஒரு தனியார் ஆஸ்பத்திரி. அட்டை இருக்கா என்று கவுண்டரில் யாரும் கேட்கவில்லை, எங்களுக்கும் சொல்லத் தோன்றவில்லை. ஸ்டென்ட் வைத்து வெளியே வரும்போது 1,60,000. அம்மா கழுத்துச் செயின் அடகுக்குப் போனது, மிச்சம் வட்டிக்கு. பத்து நாள் கழித்து அம்மா பீடி பாஸ்புக்கை எடுக்கும்போது உள்ளேயிருந்து அட்டை விழுந்தது. பிளாஸ்டிக் உறை கூடப் பிரிக்கவில்லை. அன்றைக்கு வருஷத்துக்கு ஒரு லட்சம்தான், சிலதுக்கு ஒன்றரை. ஆனாலும் அந்தச் செயின் தப்பியிருக்கும். அட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். "முன்னாடியே காட்டிருக்கணும் தம்பி" என்றார்கள். வாஸ்தவம்தான். சிகிச்சைக்கு முன்னால் ஒப்புதல் வாங்க வேண்டும். கட்டிவிட்டு ரசீதை நீட்டிப் பணம் கேட்கிற திட்டம் இல்லை இது. அதனால்தான் முதலில் கேள், முதலில் கேள் என்று தொண்டை கிழியக் கத்துகிறேன்.

"தனியாரில் அட்டையை மதிக்கிறானா? மேலே துட்டு கேக்கானே" என்பீர்கள். சில இடத்தில் கேட்கிறார்கள், மறுக்கவில்லை. 1800 425 3993, இலவச எண். கூப்பிட்டுப் புகார் சொல்லுங்கள். காய்ச்சலுக்கு ஊசி போடுவதற்கெல்லாம் அட்டை செல்லாது, அதுவும் சரி. இங்கே பேச்சு பைபாஸ் பற்றி.

அடுத்து, அரசுத் திட்டத்தைப் பற்றிப் பேசியதற்கு எனக்குக் கொடுத்த ஜால்ரா பட்டம். எந்தக் கட்சிக்கு ஜால்ரா என்றாவது சொல்லுங்களேன்! 2009-ல் கலைஞர் ஆரம்பித்தார். 2012-ல் ஜெயலலிதா அம்மையார் திட்டத்தின் பெயரை மாற்றிப் புதிதாக நடத்தினார். 2018-ல் மோடியின் திட்டத்தோடு சேர்த்தார்கள். நான் மூன்று பேருக்கும் சேர்த்தா அடிக்கிறேன்? கை வலிக்காதா? எங்க அப்பா உழைத்துக் கட்டிய வரியும் அதில் இருக்கிறது. தீப்பெட்டிக்கும் சோப்புக்கும் அவர் வரி கட்டவில்லையா?

உண்மையில் உங்களுக்கு உறுத்துவது வேறு. "ஓசி அட்டையில பார்த்தாங்க" என்று ஊரில் சொல்லிவிடுவார்களே, அது. ஐகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம் என்று சொல்லக் கூசுகிற ஆள், வட்டிக்கு வாங்கினோம் என்று சொல்லும்போது மட்டும் நெஞ்சை நிமிர்த்துகிறான். எங்கள் வீட்டிலும் அந்த வீறாப்பு இருந்தது. வட்டி கட்டி முடிக்க மூன்று வருஷம். அந்த மூன்று வருஷமும் அம்மா ராத்திரி பதினொரு மணி வரை சுளகை மடியில் வைத்துப் பீடி சுற்றினாள். இதைக் குரூப்பில் சொல்லியிருந்தால் அழுதிருப்பீர்கள். கேள்வியாகக் கேட்டதால் கஞ்சன் ஆகிவிட்டேன்.

என் பங்கு 2,000 சனிக்கிழமையே போய்விட்டது. அண்ணாச்சி மகனுக்குத் தெரியும். ஸ்கிரீன்ஷாட் போட மாட்டேன்.

குரூப்பில் திரும்பச் சேர்க்க வேண்டாம். யாராவது அண்ணாச்சி வீட்டு மைனி நம்பரை மட்டும் இன்பாக்ஸில் போடுங்கள். நாளைக் காலையில் கொக்கிரகுளம் போகிறேன், அவங்க ரேஷன் கார்டு ஜெராக்ஸ் வேணும்.