சாட் ஏரி வற்றியதால்தான் கேமரூனில் கொலைகளா?

ஆப்பிரிக்காவில், கேமரூன், சாட் உள்ளிட்ட நான்கு நாடுகளின் எல்லையில் இருக்கிறது சாட் ஏரி. "சாட் ஏரி 90 சதவீதம் வற்றிவிட்டது, குடிக்கத் தண்ணீரில்லாமல் கேமரூனில் வெட்டிக்கொள்கிறார்கள்" என்று இரண்டு செயற்கைக்கோள் படங்களோடு ஒரு செய்தி பரவுகிறது. படங்கள் உண்மைதான், சொல்லும் காரணம் தவறு.

1963இல் சுமார் 25,000 சதுர கி.மீ. இருந்த ஏரி, 1980களின் கடும் வறட்சியில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகச் சுருங்கியது. பிறகு மழை கூடி, நீர்ப்பரப்பு ஓரளவு மீண்டது. பரவும் செய்தி இந்தப் பாதியை விட்டுவிடுகிறது.

2021இல் கேமரூனின் வடகோடியில், லோகோன்-பிர்னி பகுதியில் மோதல் வெடித்தது. அது லோகோன் ஆற்றின் வெள்ளச் சமவெளி. மழைக்காலத்தில் ஆறு கரை புரண்டு வயல்வெளியில் பரவும். வெள்ளம் வடியும்போது மீனும் கூடவே ஆற்றுக்குத் திரும்பும். அதைப் பிடிக்க முஸ்கூம் இன மீனவர்கள் வாய்க்காலும் குழியும் வெட்டித் தண்ணீரைத் தேக்குகிறார்கள். அதே நேரம் மாடு மேய்க்கும் சுவா அரபு மக்கள் தண்ணீர் காட்ட மாடுகளை ஓட்டிவருகிறார்கள். குழியின் விளிம்பு வழுக்கும் களிமண். உள்ளே சரிந்த மாடு சேற்றில் புதைந்துவிட்டால் தானாக எழ முடியாது. மாடுதான் மேய்ப்பவரின் மொத்தச் சேமிப்பு. ஆகஸ்டில் இப்படித்தான் சண்டை மூண்டது; டிசம்பரில் மீண்டும் வெடித்து 40க்கும் மேற்பட்டோர் இறந்தனர், கிராமங்கள் எரிந்தன, பல்லாயிரம் பேர் ஆற்றைக் கடந்து சாட் நாட்டுக்குத் தப்பினர்.

குழி எங்கே வெட்டலாம், மாடு எந்த வழியாக இறங்கலாம் என்பதே அங்கே தகராறு. ஏரி நிரம்பினாலும் அது தீராது. 1979இல் கட்டிய மாகா அணையும் சமவெளிக்கு வரும் வெள்ளத்தைக் குறைத்தது. அதைப் பற்றி அந்தச் செய்தியில் ஒரு வரிகூட இல்லை.