சாமிக்குத்தான், தங்கச்சி

சாடிக்காரம்மா: அண்ணே, டார்ச்சைக் கொஞ்சம் இறக்குங்கள். கண் கூசுகிறது.

அண்ணன்: அட, தங்கச்சியா! ஆறரைக்கே எழுந்துவிட்டாயா?

சாடிக்காரம்மா: உங்களுக்காகத்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு வாரமாக என் துளசியில் ஒரு பூங்கதிர்கூட மிஞ்சவில்லை. நத்தை என்று நினைத்து முட்டை ஓடெல்லாம் நொறுக்கிப் போட்டேன். நத்தை கையில் பிளாஸ்டிக் பை இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

அண்ணன்: சாமிக்குத்தான், தங்கச்சி.

சாடிக்காரம்மா: போர்டு எழுதி வைத்திருக்கிறேனே, பார்க்கவில்லையா?

அண்ணன்: பார்த்தேனே. 'தேனீருக்கு, பறிக்காதீர்கள்' என்று இருந்தது. சரி, தங்கச்சி மூலிகை டீ போடுகிறது போல, டீக்கு இலை போதுமே, பூ எதற்கு என்று எடுத்துக்கொண்டேன். நீயே சொல், டீ பெரிதா, சாமி பெரிதா?

சாடிக்காரம்மா: இப்போது டார்ச்சைக் காட்டுங்கள். போர்டில். எழுத்துக் கூட்டிப் படியுங்கள்.

அண்ணன்: தே... னீ... க்... கு. (சற்று நேரம் பேச்சில்லை.) நடுவில் ஒரு 'ரு' இருந்ததே?

சாடிக்காரம்மா: அதையும் சாமிக்குப் பறித்துவிட்டீர்களோ என்னவோ.

(அண்ணனை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. கோலாலம்பூர்ச் செந்தூலில் பாதிக் கடைப் பலகையில் தேநீரை 'தேனீர்' என்றுதான் எழுதியிருக்கிறது. அங்கே தேனீ கேட்டால் டீ தருவார்கள்.)

அண்ணன்: தேனீக்கு எதற்கம்மா பூ?

சாடிக்காரம்மா: பூ இல்லாமல் அது நாசி லெமாக்கா சாப்பிடும்? இந்தப் பூச்சாடி வரிசை முழுக்க அதற்குத்தான். துளசி, திருநீற்றுப்பச்சிலை, குச்சாய் என்கிற சீனப் பூண்டுத்தழை, சங்குப்பூ. கொத்தமல்லி நம் கோலாலம்பூர் வெயிலுக்கு நாலு இலை விடுமுன் பூத்துவிடும். நான் அதோடு சண்டை போடுவதில்லை, பூக்கட்டும் என்று விட்டுவிட்டேன். சமையலுக்கு ஓரத்தில் இருக்கிற ஒரு துளசிச் சாடி மட்டும். அதில் பூ வரவர நானே கிள்ளிவிடுவேன், அப்போதுதான் இலை தழையும். கிள்ளிய பூ வேண்டுமென்றால் கேட்டிருக்கலாமே. ஒரு கூடை கொடுத்திருப்பேன்.

அண்ணன்: கேட்டு வாங்கினால் அது தானம் ஆகிவிடும். நானே பறித்தால்தான் எனக்குப் புண்ணியம்.

சாடிக்காரம்மா: என் சாடி, என் மண், என் தண்ணீர், புண்ணியம் மட்டும் உங்களுக்கு.

அண்ணன்: சாமிக்குத்தானே.

சாடிக்காரம்மா: சாமி வீட்டு நம்பரைக் கொடுங்கள், நானே நேரில் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். இங்கே வருகிறவை எல்லாம் கொசுத்தேனீ, அண்ணே. பெரிய தேனீ மாதிரி நெடுந்தூரம் பறக்கத் தெம்பில்லாதவை. பக்கத்தில் பூ இருந்தால்தான் பிழைப்பு.

அண்ணன்: பார்த்தாயா, நீயே சொல்லிவிட்டாய். கொசு!

சாடிக்காரம்மா: கொசு இல்லை. கொசுத்தேனீ. மலாய்க்காரர்கள் கெலுலுட் என்பார்கள். கறுப்பாக, ஈயைவிடச் சின்னதாக இருக்கும். கொட்டுகிற அளவுக்குக் கொடுக்கு கிடையாது, கொட்டாது. புளிப்பாக ஒரு தேன் விற்கிறார்களே, அது இதன் தேன்தான். 'எங்கள் கொசுத்தேனீக்கு' என்று போன மாதம் நம் தெரு வாட்ஸாப் குழுவில் படம்கூடப் போட்டிருந்தேன்... அண்ணே, ஏன் டார்ச்சை அணைத்துவிட்டீர்கள்?

அண்ணன்: பேட்டரி.

சாடிக்காரம்மா: 'அந்த வீட்டில் கொசு வளர்க்கிறார்கள்' என்று யாரோ போன் போட்டுத்தான் சுகாதார ஆள்கள் வந்தார்கள்.

அண்ணன்: யாரோ ஒரு மடையன். அவனால் எனக்குத்தானே 500 வெள்ளி சம்மன்! உன் சாடிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார்கள்...

சாடிக்காரம்மா: சாடிக்கு அடித்தட்டில் தண்ணீர் நின்றால்தானே முட்டை? நான் மணலைக் கொட்டி வைத்திருக்கிறேன். ஊற்றும் தண்ணீர் அதில் இறங்கிவிடும், கொசுவுக்கு இடமில்லை.

அண்ணன்: ... பார்த்துவிட்டு, நேரே என் வீட்டுக்கு வந்தார்கள். நீலத் தொம்பில் மழைத் தண்ணீர் பிடித்து வைத்திருந்தேன். வெள்ளைக் கிண்ணத்தில் ஒரு கரண்டி மொண்டு காட்டினார்கள். உள்ளே குட்டிக் குட்டியாக நெளிகிறது! அந்த மடையன் மட்டும் போன் போடாமல் இருந்திருந்தால்...

சாடிக்காரம்மா: அந்த மடையனைப் பார்த்தால் நானும் ஒன்று சொல்லவேண்டும். மறுநாள் புகை அடித்தார்கள் இல்லையா, விடிந்ததும் இந்தக் குச்சாய்ச் சாடியைச் சுற்றிக் கறுப்பாகக் கிடந்தது. எள்ளு கொட்டிவிட்டது என்று நினைத்துத் துடைப்பம் எடுத்தேன். குனிந்து பார்த்தால் எல்லாவற்றுக்கும் இறக்கை இருந்தது. ஒன்றிரண்டின் பின்னங்காலில் மஞ்சள் பொடி அப்படியே உருண்டையாக ஒட்டிக்கொண்டிருந்தது.

அண்ணன்: ...

சாடிக்காரம்மா: இப்போதுதான் ஒன்றிரண்டாகத் திரும்பி வருகின்றன. வந்து பார்த்தால் பூ இல்லை. பூவெல்லாம் பையில்.

அண்ணன்: தங்கச்சி, சாஸ்திரம் என்று ஒன்று இருக்கிறது. சாமிக்கு வைக்கும் பூவை வண்டு தொடும் முன் பறிக்கவேண்டும். தொட்டால் எச்சில். அதற்குத்தான் இந்த டார்ச், இந்த இருட்டு எல்லாம். புலிக்கால் முனிவர் கதை தெரியுமா? தில்லையில், வண்டு மொய்க்கும் முன் பூப்பறிக்கவேண்டும் என்று, இருட்டிலே மரம் ஏறப் புலியின் காலைச் சிவனிடம் வரமாகவே கேட்டு வாங்கினார்.

சாடிக்காரம்மா: தெரியும். அவர் ஏறியது காட்டு மரத்தில். பக்கத்து வீட்டுச் சாடியில் ஏறுவதற்குச் சிவன் வரம் கொடுத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. அப்புறம், அவருக்குப் புலிக்கால். உங்களுக்கு ஜப்பான் சிலிப்பர்.

அண்ணன்: கிண்டல் பண்ணாதே. எச்சில் எச்சில்தான்.

சாடிக்காரம்மா: சரி. தைப்பூசத்துக்கு என்ன அபிஷேகம் பண்ணினீர்கள்?

அண்ணன்: பால், தயிர், பன்னீர், சந்தனம், தேன்...

சாடிக்காரம்மா: நில்லுங்கள். அந்தத் தேன் எங்கிருந்து வந்தது?

அண்ணன்: கடையிலிருந்து. பெரிய போத்தல்.

சாடிக்காரம்மா: கடைக்கு?

அண்ணன்: ...

சாடிக்காரம்மா: நான் சொல்கிறேன். தேனீ பூவில் உறிஞ்சி, வயிற்றுப் பையில் வைத்துப் பறந்து, கூட்டில் இன்னொரு தேனீயின் வாயில் கக்கி, அது இன்னொன்றுக்குக் கக்கி, வாய் வாயாகப் போய்ச் சேர்ந்தது அது. காலால் தொட்ட பூ எச்சில் என்று ஆறரை மணிக்கு ஓடி வருகிறீர்கள். வாயால் கக்கியதைப் போத்தல் போத்தலாக முருகன் தலையில் ஊற்றுகிறீர்கள். முருகன் ஏதாவது சொன்னாரா?

அண்ணன்: அது... அது பஞ்சாமிர்தத்தில்கூடப் போடுவோமே.

சாடிக்காரம்மா: போடுவோம், நக்கிச் சாப்பிடுவோம். டுரியான் சீசனில் பையைத் தூக்கிக்கொண்டு ராவுப் வரைக்கும் போகிறீர்களே, டுரியான் பூ பொழுது சாயும்போதுதான் விரியும். அதில் தேன் குடிக்க ராத்திரி வௌவால் முகத்தை விட்டால் காய் நன்றாகப் பிடிக்கும். பத்துமலைக் குகையில் தொங்குகிற வௌவால்கூட அந்த வேலைக்குப் போகிறது. அது எச்சில் இல்லையா?

அண்ணன்: டுரியானை நான் சாமிக்கு வைப்பதில்லை.

சாடிக்காரம்மா: தெரியும். அது மட்டும் உங்களுக்குத்தான்.

(இந்த இடத்தில் அண்ணன் கோபித்துக்கொண்டு போயிருக்கவேண்டும். போகவில்லை. பூப்பறிக்கிறவர்களுக்கு அந்தப் பழக்கம் கிடையாது.)

அண்ணன்: உன்னிடம் ஒன்று கேட்கவேண்டும் என்றிருந்தேன். என் பாகற்கொடியைப் பார்த்திருப்பாயே, வேலி கொள்ளாமல் படர்ந்திருக்கிறது. ஒரு காய் நிற்கவில்லை. சுண்டுவிரல் அளவு வந்ததும் மஞ்சளாகிக் கீழே விழுகிறது. திருஷ்டிதான். பூசணிக்காயில் மூஞ்சி வரைந்து கட்டினேன், கேட்கவில்லை. யாரோ கண் வைத்துவிட்டார்கள்.

சாடிக்காரம்மா: கண் இல்லை, கை. கொடியில் இரண்டு விதமான பூ வருமே, பார்த்தீர்களா?

அண்ணன்: பார்த்தேன். ஒன்றுக்குப் பின்னால் குட்டிப் பாகற்காய் ஒட்டியிருக்கும். இன்னொன்று நீளமான காம்பில் சும்மா நிற்கும், ஒன்றுக்கும் உதவாத பூ. அதுதான் நிறைய.

சாடிக்காரம்மா: அதை என்ன செய்கிறீர்கள்?

அண்ணன்: மஞ்சளாக இருக்கிறது, குரு பகவானுக்கு உகந்தது. தினமும் பறித்து...

சாடிக்காரம்மா: சாமிக்கு.

அண்ணன்: சாமிக்குத்தான்.

சாடிக்காரம்மா: அண்ணே, அது ஆண் பூ. அதிலிருக்கிற பொடி மற்ற பூவில் பட்டால்தான் காய் நிற்கும். படாவிட்டால் பிஞ்சு மஞ்சளாகி விழும். பொடியைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது யார்? என் சாடிக்கு வருகிற இதே கூட்டம். மாப்பிள்ளையைக் கோயிலுக்கு அனுப்பிவிட்டீர்கள், தரகரைப் புகை போட்டுவிட்டீர்கள், அப்புறம் கல்யாணம் நடக்கவில்லை என்று பூசணிக்காய் கட்டுகிறீர்கள்.

அண்ணன்: (வெகு நேரம் கழித்து) இப்போது என்ன செய்வது?

சாடிக்காரம்மா: ஒரு ஆண் பூ எடுங்கள். இதழைக் கிள்ளிவிட்டு, நடுவில் இருக்கிற மஞ்சள் பொடியைக் குட்டிக் காயோடு நிற்கிற பூவின் நடுவில் மெல்லத் தடவுங்கள். விரிந்த அன்றைக்கே, வெயில் ஏறும் முன் செய்யவேண்டும்.

அண்ணன்: தேனீ வேலையை நான் செய்வதா?

சாடிக்காரம்மா: தேனீ சம்பளம் கேட்கவில்லை. நாலு பூ கேட்டது.

அண்ணன்: சரி, சரி. ஆனால் இன்றைக்குக் கொடியில் ஆண் பூ ஒன்றுகூட இல்லையே. இங்கே வரும் முன்னேயே பதினொன்றையும் பறித்துப் படத்துக்கு வைத்துவிட்டேன்.

சாடிக்காரம்மா: போய்க் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அண்ணன்: சாமிக்கு வைத்ததைத் திருப்பி எடுக்கலாமா?

சாடிக்காரம்மா: என்னிடம் எடுக்கும்போது இந்தச் சந்தேகம் வரவில்லையே.

(சிலிப்பர் சத்தம் மூன்று வீடு தள்ளிப் போகிறது. கதவு. அப்புறம் ஒரு சின்ன மணிச் சத்தம்.)

அண்ணன் குரல்: குருவே, தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரே ஒரு பூ. பாகற்காய்க்குத்தான்.